பழைய எஞ்சினுக்குப் புதுப் பெயின்ட்

லாரி எஞ்சினைப் பற்றி மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். மில்லுக்குப் பஞ்சு வருவதும், நூல் மூட்டை வெளியே போவதும் லாரியில்தான். களத்து நெல் அரவை மில்லுக்குப் போவதும் லாரியில்தான். அந்த லாரியை ஓட்டுகிறவர்களில் அநேகர் நேற்றுவரை கிளீனராகவும் கூலி டிரைவராகவும் இருந்தவர்கள். கடன் வாங்கி, வீட்டிலிருந்த நகையை அடகு வைத்து, ஒரே ஒரு லாரிக்குச் சொந்தக்காரர் ஆனவர்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போனால் ஊருக்கு ஊர் இவர்களைக் காணலாம். பெயர்தான் முதலாளி, பிழைப்பு கூலிக்காரன் பிழைப்பு.

இயந்திரம் கெட்டுப்போனால் அதன் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? இந்தக் கேள்வி பம்புசெட் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் உரியது; டிராக்டர் ஓட்டிப் பிழைப்பவருக்கும் உரியது. ஆகவே "ரீமேனுபாக்சர்டு எஞ்சின்" என்ற பெயரில் விற்கப்படும் மாற்று எஞ்சின்களைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம்.

சரக்கு நல்ல சரக்குதான்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பழைய எஞ்சினைப் பிரித்து மறுபடியும் எஞ்சினாக்கும் தொழிலை நாம் குறை சொல்லவில்லை. அது புத்திசாலித்தனமான காரியம்.

எஞ்சினில் தேய்கிறவை சில சாமான்கள்தாம். பிஸ்டன், ரிங்கு, லைனர், பேரிங், வால்வு ஆகியவை தேயும். பிளாக்கும் கிராங்கும் பல லட்சம் கிலோமீட்டர் ஓடியும் உயிரோடு இருக்கும். அவற்றை இரும்புக் கடைக்குப் போட்டு, மறுபடியும் உருக்கி வார்ப்பதில் எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு உழைப்பு வீண்! எஞ்சினை முழுவதும் பிரித்து, கரியையும் துருவையும் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, ஒவ்வொரு சாமானையும் அளந்து, தேய்ந்ததை மாற்றி, தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்து, கடைசியில் சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்து அனுப்பினால் அது புது எஞ்சினுக்குச் சமமாக உழைக்கும். ஸ்பின்னிங் பிரேமைப் பிரித்து ஓவர்ஹால் செய்த தோழர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் ஊர் லேத் பட்டறைகளிலும் இந்த வேலை நடக்கிறது. பிளாக்கை போர் செய்கிறார்கள், கிராங்கைக் கடைகிறார்கள். ஆனால் பட்டறையில் கெட்டதை மட்டும் மாற்றுவதே வழக்கம். "ரீமேனுபாக்சர்டு" என்று சொன்னால் எல்லாவற்றையும் அளந்து சரிசெய்து சோதித்தது என்று பொருள். அதற்குத்தான் பட்டறையைவிட அதிக விலை.

நடப்பதென்ன? கழுவி, தேய்ந்த இரண்டு சாமானை மாற்றி, மேலே பெயின்ட் அடித்ததும் அந்தப் பெயரிலேயே விற்பனையாகிறது. ஒழுங்காகச் செய்ததும் அதே பெயரில் வருகிறது. வாங்குகிறவர் எஞ்சினைத் திறந்து பார்க்க முடியாது. திறந்தால் வாரண்டி போய்விடும். கண்ணுக்குத் தெரிவது பெயின்ட் ஒன்றுதான்.

ஒரு லாரிக்காரரின் கணக்கு

கொங்குப் பகுதியில் நாம் அறிந்த ஒரு லாரிக்காரருக்கு நடந்ததைச் சொல்லுகிறோம். ஊரும் பேரும் வேண்டாம். தவணை பாக்கியுள்ளவர், மறுபடியும் அதே கடைவாசலில் நிற்கவேண்டியவர்.

ஆறு சிலிண்டர் வண்டி. லோடோடு வரும்போது பேரிங் போய் கிராங்கு அடிபட்டது. "பட்டறை வேலைக்கு இது தாங்காது; பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டு மாற்று எஞ்சின் எடுத்துக்கொள்" என்று மேஸ்திரி சொன்னார். விற்பனையாளரிடம் போனார். விலை ஒன்று, அதற்குமேல் பழைய எஞ்சினுக்காக ஐம்பதாயிரம் ரூபாய் டெபாசிட். பழைய எஞ்சினை ஒப்படைத்தால் பணம் திரும்பி வரும் என்றார்கள். கட்டினார்.

"நாலு நாளில் வரும்" என்ற எஞ்சின் பத்தொன்பதாம் நாள் வந்தது. வந்ததில் டர்போ இல்லை, டீசல் பம்ப் இல்லை, ஏர் கம்ப்ரசர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. "இவையெல்லாம் உங்கள் பழைய எஞ்சினிலிருந்து கழற்றி மாட்டவேண்டியவை" என்றார்கள். பில்லில் எழுதியிருந்தது "எஞ்சின்" என்ற ஒரே வார்த்தைதான். கேஸ்கட், ஹோஸ், பில்டர், ஆயில், கூலண்ட் தனிச் செலவு. இறக்கி ஏற்றின கூலி தனி. இருபத்தாறாம் நாள் வண்டி ரோட்டுக்கு வந்தது.

நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் பிரஷர் இறங்கிற்று. தகவல் கொடுத்து ஆறாம் நாள் கம்பெனி ஆள் வந்தார். ஆயில் பில்டரை வெட்டிப் பார்த்தார். உள்ளே உலோகத் தூள். "பழைய எஞ்சின் பேரிங் போனபோது அந்தத் தூள் ஆயில் கூலரில் தங்கிவிட்டது. உங்கள் மெக்கானிக் கூலரை மாற்றாமல் மாட்டியிருக்கிறார். வாரண்டி இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்ன காரணம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. பேரிங் போன வண்டியில் ஆயில் கூலரை மாற்றவேண்டும் என்பது உண்மை. அதைக் கழுவிச் சுத்தம் செய்துவிடலாம் என்று நம்பமுடியாது. ஆனால் எஞ்சினை விற்ற அன்று இதைச் சொல்ல அவருக்கு வாயில்லையா? "பேரிங் போய் வந்த வண்டி" என்று தெரிந்துதானே பழைய எஞ்சினை வாங்கினார்கள்? விற்கும்போது ஊமையாக இருந்தவர், வாரண்டியை மறுக்கும்போது மட்டும் வாத்தியார் ஆகிவிடுகிறார். மாட்டிய மெக்கானிக்கின்மேல் பழியைப் போட்டு, இரண்டு உழைப்பாளிகளை ஒருவரோடொருவர் மோதவிட்டு நழுவிக்கொள்கிறார்.

டெபாசிட் என்ன ஆயிற்று? "பழைய பிளாக்கில் விரிசல் இருக்கிறது, பணம் திரும்பாது" என்று பதில் வந்தது. விரிசலைக் காட்டு என்றால், எஞ்சின் எங்கோ ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டதாம். கொடுத்தவர் இல்லாத இடத்தில் சோதனை. சோதித்தவரே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். இப்படிப்பட்ட பஞ்சாயத்தை எந்தக் கிராமத்தில் ஒப்புக்கொள்வார்கள்?

இந்த நாட்களில் எல்லாம் பைனான்ஸ் தவணை நிற்கவில்லை. கிளீனருக்குச் சம்பளம் போயிற்று. அதாவது அவருடைய வீட்டு அடுப்பும் நின்றது. லாரி நின்றால் லாரிக்காரரோடு கிளீனரும் லோடுமேனும் சேர்ந்தே நிற்கிறார்கள்.

வாரண்டித் தாளின் சூட்சுமம்

வாரண்டித் தாளில் "ஒரு வருஷம் அல்லது 50,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது" என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் என்ற வார்த்தை பெரிதாகத் தெரியும். தூர லோடு அடிக்கும் வண்டி நாளைக்கு 400 கிலோமீட்டர் வீதம் மாதத்தில் 25 நாள் ஓடினால் 10,000 கிலோமீட்டர். ஐந்தே மாதத்தில் வாரண்டி தீர்ந்தது. நின்ற வண்டிக்குத்தான் ஒரு வருஷம். ஓடும் வண்டிக்கு ஐந்து மாதம்!

அந்தக் காலமும் எப்போது தொடங்குகிறது? வண்டியில் மாட்டிய நாளிலிருந்து என்று இருந்தால் நியாயம். பில் போட்ட நாளிலிருந்து என்று இருந்தால், எஞ்சின் வழியில் கிடந்த நாளும் லாரிக்காரர் கணக்கில் கழிகிறது.

இனி, வாரண்டி எதைக் கொடுக்கிறது? பெரும்பாலும் கெட்ட சாமானை மட்டும் கொடுக்கும். எஞ்சினை மறுபடி இறக்கி ஏற்றும் கூலி, கொட்டிய ஆயில், வண்டியை இழுத்துவந்த செலவு, இழந்த வாடகை எல்லாம் வாங்கினவர் தலையில். எஞ்சின்மேல் சிறு வில்லை ஒன்றை ஒட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. எஞ்சின் அளவுக்குமேல் சூடேறினால் அதன் நடுப்பகுதி உருகிவிடும். அது உருகியிருந்தால் குற்றம் உன்னுடையது, வாரண்டி இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள கம்பெனி இவ்வளவு யோசிக்கிறது. வாங்கினவரைக் காக்க ஒரு வில்லையாவது உண்டா?

இன்னொன்று. கிராங்கைக் கடைந்தால் அதன் அளவு குறையும். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் குறைந்த அளவுக்கு ஏற்ற பேரிங் போடவேண்டும். எந்த அளவுக்குக் கடைந்தது என்று எழுதிக் கொடுக்காவிட்டால், பின்னாளில் வழியில் பேரிங் மாற்றவேண்டிய மெக்கானிக் என்ன வாங்குவார்? ஒரு வரி எழுதினால் தீரும் விஷயம். அந்த ஒரு வரியைக்கூட எழுதிக் கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள்.

பத்து லாரிக்கு ஒரு சட்டம், ஒரு லாரிக்கு ஒரு சட்டம்

எஞ்சினை மாற்றினால் எஞ்சின் நம்பரும் மாறுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் புது நம்பர் ஏறவேண்டும். ஏறாவிட்டால் எப்.சி.க்குப் போகும்போது தகராறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் தகராறு. திருட்டு எஞ்சினைத் தடுக்க இது தேவைதான். நம்பர் பதிவையே எடுத்துவிடு என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பத்து டிரான்ஸ்போர்ட் வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கு, அதே கம்பெனியின் அதே ரக எஞ்சினாக இருந்தால், ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில சர்க்கார் அறிவிப்பு மூலம் அதிகாரம் கொடுக்கலாம். மாற்றியபின் 14 நாளுக்குள் தெரிவித்தால் போதும். ஒரே லாரி வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. அவர் முதலில் மனுப் போடவேண்டும், கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியின் சம்மதக் கடிதத்துக்கு நடக்கவேண்டும், அதற்குப்பின் எஞ்சின்.

பத்து வண்டிக்காரருக்கு ஒன்று நின்றால் ஒன்பது ஓடும். அவருக்குச் சட்டம் சலுகை காட்டுகிறது. ஒரு வண்டிக்காரருக்கு அது நின்றால் உலையே ஏறாது. அவரைக் காத்திரு என்கிறது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதுதான்.

வரியிலும் இதே கதை. எஞ்சின்மேல் ஜி.எஸ்.டி. 28 சதவிகிதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதம் ஆயிற்று. குறைந்தது நல்லது. ஆனால் வரி கட்டி வாடகை வசூலிக்கும் பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு, எஞ்சினுக்குக் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள வழியுண்டு. தன் வண்டியைத் தானே வாடகைக்கு ஓட்டுகிற லாரிக்காரரின் வாடகைக்கு வரிவிலக்கு. ஆதலால் கழிக்கவும் ஒன்றுமில்லை. அவர் கொடுத்த 18 ரூபாயும் போனது போனதுதான்.

மெக்கானிக் கையில் பூட்டு

பழைய எஞ்சினைக் காதால் கேட்டே குற்றம் சொல்லிவிடும் மேஸ்திரிகள் நம் ஊர்களில் உண்டு. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்று புகைக் கட்டுப்பாடு இறுகியபின், எஞ்சினை எலெக்ட்ரானிக் பெட்டி ஆள்கிறது. புகை குறையட்டும், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் டிரைவரும் கிளீனரும்தான். ஆனால் எஞ்சின் மாற்றியபின் இன்ஜெக்டரின் எண்களை அந்தப் பெட்டியில் ஏற்றவேண்டுமானால், கம்பெனியின் சாப்ட்வேர் வேண்டும். அது பட்டறைக்குக் கிடைப்பதில்லை. அல்லது எட்டாத விலை. வண்டியை டீலரிடம் இழுத்துச் செல்லவேண்டும். கூலிக்காரனின் திறமை அழியவில்லை. அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கம்பெனி வைத்துக்கொண்டது.

மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் "ரிப்பேர் செய்யும் உரிமை" பற்றி ஒரு கமிட்டி அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று, விவசாயக் கருவிகளும் ஒன்று. அதே வருஷம் டிசம்பரில் ஓர் இணையத்தளம் திறந்தார்கள். இணையத்தளம் திறப்பது சட்டம் ஆகாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012-லேயே இந்த உரிமைக்குப் பெருவாரியாக வாக்களித்தார்கள். முதலாளித்துவத்தின் தலைமை நாட்டில் முடிகிற காரியம் இங்கே முடியாது என்றால் யார் நம்புவது?

"விலை குறைவு வேண்டும், வாரண்டியும் வேண்டுமா?"

விற்பவர்கள் ஒரு வாதம் சொல்லுகிறார்கள்: "புது எஞ்சினைவிட மலிவாகத் தருகிறோம். மெக்கானிக்குகள் கண்டபடி மாட்டுகிறார்கள். அதற்கெல்லாம் நாங்கள் பொறுப்பேற்றால் கட்டுப்படியாகாது."

மாட்டுவதில் பிசகு நடப்பதுண்டு. மறுக்கவில்லை. அதற்கு மருந்து, என்னென்ன மாற்றவேண்டும் என்று தமிழில் ஒரு தாள் அச்சடித்து எஞ்சினோடு அனுப்புவது. மாட்டும்போது தங்கள் ஆளை ஒருநாள் அனுப்பிக் கையெழுத்துப் போடச் செய்வது. பொறுப்பைக் கைகழுவுவது மருந்தாகாது. மலிவு என்பதும் பாதி உண்மைதான். பழைய எஞ்சினின் பிளாக்கும் கிராங்கும் அவர்களுக்குப் போய்ச் சேருகின்றன. அதுதான் அவர்களுடைய மூலப்பொருள். லாரிக்காரர் பணமும் கொடுக்கிறார், மூலப்பொருளும் கொடுக்கிறார்.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்யமுடியும் என்பதற்குத் தூரதேசத்துச் சாட்சி வேண்டாம். நமது அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளில், பஸ் எஞ்சின்களைப் பிரித்துச் சீர்செய்து மறுபடி ஓடவிடுவதைத் தொழிலாளர்கள் பல காலமாகச் செய்துவருகிறார்கள். நாம் ஏறிப் போகும் பஸ்ஸே அதற்குச் சாட்சி. அந்தத் திறமையும் மேடையும் கருவியும் சிறு லாரிக்காரருக்கும் ஏன் பயன்படக்கூடாது? லாரிக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து இப்படி ஒரு கூடம் கேட்டால், சர்க்கார் ஏன் கடன் கொடுக்கக்கூடாது?

என்ன வேண்டும்?

நாம் கேட்பவை பெரியவை அல்ல.

1. மாற்றிய சாமான், கடைந்த அளவு, சோதனை மேடையில் காட்டிய ஆயில் பிரஷர், இவை எழுதிய தாள் ஒவ்வொரு எஞ்சினோடும் வரவேண்டும். அப்படிச் செய்யாததை "ரீமேனுபாக்சர்டு" என்று விற்பதைத் தடுக்கவேண்டும்.

2. எஞ்சினோடு எது வரும், எது வராது என்று பணம் வாங்குமுன் எழுதித் தரவேண்டும்.

3. பழைய எஞ்சினைக் கொடுத்தவர் முன்னிலையில் சோதித்து, டெபாசிட் பற்றி அன்றே எழுத்தில் தீர்க்கவேண்டும்.

4. வாரண்டி மாட்டிய நாளிலிருந்து தொடங்கவேண்டும். குற்றம் எஞ்சினில் என்றால் இறக்கி ஏற்றும் கூலியும் அதில் அடங்கவேண்டும்.

5. பத்து வண்டிக்காரருக்குள்ள வழி ஒற்றை வண்டிக்காரருக்கும் வேண்டும். எஞ்சினின் சாப்ட்வேர் நியாயமான கட்டணத்தில் எல்லாப் பட்டறைக்கும் கிடைக்கவேண்டும்.

இவை வரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. கையில் ஓர் ஆயுதம் உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை. வியாபாரத்துக்கு வாங்கிய சரக்குக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று விற்பவர்கள் மிரட்டுவார்கள். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே, சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியதை வியாபாரம் என்று கொள்ளக்கூடாது என்கிறது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஒன்றிரண்டு ஆள் துணைக்கு வைத்திருப்பதாலும் அந்த உரிமை போகாது. முழுக்க வேறு டிரைவர் ஓட்டினால்தான் சங்கடம். ஆகவே தன் பெயரில் உள்ள லைசென்சையும் டிரிப் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் ஊருக்கு அலையவேண்டாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமே இல்லை. குற்றம் நேர்ந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். வக்கீல் இல்லாமலும் பேசலாம். ஆனால் காகிதம் வேண்டும். பழைய எஞ்சினைக் கொடுக்குமுன் பிளாக்கை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பிளாக்கில் பொறித்த நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். டெபாசிட்டுக்குத் தனி ரசீது வாங்குங்கள். போனில் சொன்ன புகாரை எழுத்திலும் அனுப்புங்கள். கழற்றிய ஆயில் பில்டரைத் தூக்கி எறியாதீர்கள்.

தனியாகப் போனால் "நாளை வா" என்பார்கள். சங்கமாகப் போய், இதே எஞ்சினை வாங்கிக் கஷ்டப்பட்ட பத்துப் பேருடைய ரசீதையும் மேஜைமேல் வைத்தால் நாற்காலி போட்டுப் பேசுவார்கள். இது மில் கேட்டில் நாம் கற்ற பாடம். லாரிப்பேட்டைக்கும் அது பொருந்தும். பத்து வண்டி ஒருவரிடம் இருந்தால் சட்டம் மதிக்கிறது. பத்துப் பேர் வண்டியும் ஒன்றாக நின்றால் மதிக்காமல் எங்கே போகும்?